குண்டும் கூண்டும்

நீங்கள் கடலூருக்குப் போயிருக்கிறீர்களோ இல்லையோ, கடலூர் உங்கள் வீட்டுக்கு வந்திருக்கும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில், இரவுச் செய்தி நேரத்தில். 'வங்கக் கடலில் உருவான காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்...' என்று ஆரம்பித்து, 'கடலூர் துறைமுகத்தில் 3-ம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டுள்ளது' என்று செய்தி முடியும். நாம் ஜன்னலைத் திறந்து வானத்தைப் பார்ப்போம். "நாளைக்கு ஸ்கூல் லீவா?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். அத்தோடு கடலூர் நம் வீட்டை விட்டுக் கிளம்பிவிடும், அடுத்த மழைக்காலம் வரைக்கும்.

மற்றபடி நம்மில் பலருக்கு அது சிதம்பரம் போகிற வழியில் பஸ் பத்து நிமிஷம் நிற்கிற ஊர். "டீ குடிக்கிறவங்க குடிச்சுட்டு வந்துடுங்க" என்று கண்டக்டர் குரல் கொடுப்பார். நாமும் குடித்துவிட்டு ஏறி, நடராஜரைப் பார்க்கப் போய்விடுவோம்.

எங்கள் வீட்டில் கடலூர் திடீரென்று முக்கியமான ஊராகிவிட்டது. காரணம், என் மகள். எம்.எஸ்ஸி. கடல் உயிரியல் படிக்கப்போகிறேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். அட்மிஷன் வேலையெல்லாம் சிதம்பரத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில். படிப்பு பரங்கிப்பேட்டையில், வெள்ளாறு கடலில் கலக்கிற இடத்துக்குப் பக்கத்தில். கடலூரிலிருந்து பார்த்தால் ஒரு மணி நேர தூரம்தான்.

என் மனைவிக்கு இதில் சுத்தமாக உடன்பாடு இல்லை. "உலகத்துல எவ்வளவோ படிப்பு இருக்கு. தரையில இருக்கிற படிப்பா பார்த்துப் படிக்கக் கூடாதா?" என்றாள். அப்புறம் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தாள். 2004 சுனாமி. 2011-ல் தானே புயல். 2015-ல் வெள்ளம். 2024-ல் ஃபெஞ்சல் புயலும், அதன் பின்னாலேயே தென்பெண்ணையில் வந்த வெள்ளமும். "எது வந்தாலும் அந்தக் கடலூர்லதானே வந்து நிக்குது!"

பதில் சொல்ல முடியாத கேள்வி. அதனால் அட்மிஷனுக்கு ஒரு நாள் முன்னதாகவே கிளம்பி, கடலூரில் இறங்கி அரை நாள் சுற்றிவிட்டுப் போவது என்று முடிவு செய்தோம். மகளுக்கு அதில் தனியாக ஒரு ஆசையும் இருந்தது. "கூண்டு கூண்டுன்னு சொல்றாங்களே, அது எப்படி இருக்கும்னு பார்க்கணும்பா."

*

ஜூன் மாதம். விடிவதற்கு முன்னால் சென்னையில் பஸ் ஏறினோம். புதுச்சேரி தாண்டி, தென்பெண்ணைப் பாலம் தாண்டி, மஞ்சக்குப்பம் தாண்டி, கெடிலம் ஆற்றைத் தாண்டிக் கடலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது வெயில் ஏறிவிட்டது.

துறைமுக நகரம் என்றால் இறங்கியதும் என்ன வாசனை வரும் என்று நினைப்பீர்கள்? மீன்? உப்பு? எங்களுக்கு முதலில் வந்தது பலாப்பழ வாசனை. பண்ருட்டிப் பலா சீசன். தள்ளுவண்டியில் மலை மாதிரி குவித்து, பிளந்து, சுளை சுளையாக எடுத்து விற்றுக்கொண்டிருந்தார்கள். மகள் ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டு நாலு பக்கமும் திரும்பிப் பார்த்தாள்.

"அப்பா, கடல் எங்கப்பா?"

கண்ணுக்கெட்டிய தூரம் கடல் இல்லை. ஆட்டோக்காரரிடம் துறைமுகம் போகணும் என்றோம். "ஓ.டி.யா? ஏறுங்க" என்றார். ஓல்ட் டவுன்தான் ஓ.டி. அரசாங்கப் பலகைகளில் அது முதுநகர். கடலூர் என்பது ஒரு ஊர் இல்லை, மூன்று நான்கு ஊர்கள் கைகோத்து நிற்பது என்பது அப்போதுதான் புரிந்தது. கலெக்டர் ஆபீஸ், கோர்ட் என்றால் மஞ்சக்குப்பம். கோயில், கடைவீதி, பஸ் ஸ்டாண்ட் என்றால் திருப்பாதிரிப்புலியூர். கப்பல், மீன் என்றால் முதுநகர். ஒவ்வொன்றுக்கும் தனித் தனி முகம்.

"இந்த ஊர்ல என்னப்பா ஃபேமஸ்?" என்றாள் மகள்.

புதுமைப்பித்தன் 1906-ல் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தார். ஜெயகாந்தன் 1934-ல் மஞ்சக்குப்பத்தில் பிறந்தார். நடுவில் ஒரு கெடிலம் ஆறு, 28 வருஷம். தமிழ்ச் சிறுகதையைப் புரட்டிப்போட்ட இரண்டு பேரை ஒரே ஊர் கொடுத்திருக்கிறது. வேறு ஊராக இருந்தால் இதைச் சொல்லிச் சொல்லியே அலட்டியிருக்கும்.

திருப்பாதிரிப்புலியூருக்கு இன்னொரு கதையும் உண்டு. நாவுக்கரசரைப் பல்லவ மன்னன் கல்லோடு சேர்த்துக் கட்டிக் கடலில் தள்ளச் சொன்னான், அந்தக் கல்லே தெப்பமாக மிதந்து வந்து அவரைக் கரை சேர்த்தது என்பார்கள். அந்தக் கரை இந்தக் கரைதான். அவர் கரையேறிய இடம் என்று சொல்லப்படுகிற ஊரின் பெயர் இன்றைக்கும் 'கரையேறவிட்டகுப்பம்'. ஒரு ஊருக்கு இதைவிட நல்ல பெயர் வைக்க முடியுமா? கடல் தூக்கிக்கொண்டு போன கதைகளை மட்டும் கேட்டு வளர்ந்த நமக்கு, கரையேற்றிவிட்ட கதையும் இந்த ஊரில்தான் இருக்கிறது என்பது தெரிவதில்லை.

ஆட்டோ முதுநகர் போய்ச் சேர்வதற்குள் மகளுக்கு ஒரு குண்டுக் கதையும் சொன்னேன்.

1690-ம் வருஷம். கடலூருக்குப் பக்கத்தில் தேவனாம்பட்டினத்தில் இருந்த கோட்டையை மராட்டியர்களிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி விலைக்கு வாங்கியது. அப்போது சென்னையில் கவர்னராக இருந்தவர் எலிஹு யேல். அமெரிக்காவில் இருக்கும் யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுத்த அதே ஆசாமி. கோட்டையோடு சுற்றியுள்ள நிலமும் சேர்த்துத்தான் விலை. எவ்வளவு நிலம்? யாரும் சங்கிலி பிடித்து அளக்கவில்லை. பீரங்கியால் சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ, அதுவரைக்கும் என்று ஒப்பந்தம். கம்பெனிக்காரர்கள் கெட்டிக்காரர்கள். இருப்பதிலேயே நல்ல பீரங்கியாகப் பார்த்துக் கொண்டுவந்து பல திசைகளிலும் சுட்டார்கள். குண்டு விழுந்த தூரம்வரை இருந்த கிராமங்கள் எல்லாம் கம்பெனிக்கு. 'குண்டு கிராமங்கள்' என்றே அவற்றுக்குப் பெயர். கடலூரில் இன்றைக்கும் குண்டு சாலை இருக்கிறது. குண்டு உப்பலவாடி என்று ஓர் ஊரும் இருக்கிறது.

"அந்த கிராமத்துல இருந்தவங்க யாரையும் கேட்கலையா?" என்றாள் மகள்.

குண்டு யாரைக் கேட்டு விழும்?

அந்தக் கோட்டைதான் செயின்ட் டேவிட் கோட்டை. 1746-ல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துக்கொண்டபோது, சோழமண்டலக் கரையில் ஆங்கிலேயருக்குத் தலைமையிடமே கடலூர்தான். 1752 வரை அப்படி இருந்தது. ராபர்ட் கிளைவ் 1756-ல் இங்கே கவர்னராக இருந்தார். 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையைப் பிடித்து இடித்துத் தள்ளினார். சென்னைக்கே பெரியண்ணனாக இருந்த ஊர், இப்போது செய்தியின் கடைசி வரியில் வருகிறது.

*

துறைமுகம் வந்துவிட்டது என்றார் ஆட்டோக்காரர். இறங்கிப் பார்த்தால் அங்கேயும் கடல் இல்லை! ஆறுதான் இருந்தது. உப்பனாறு. அதில் வரிசையாக விசைப்படகுகள், பச்சையும் நீலமும் சிவப்புமாக. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு மண்திட்டு. அதில் சிங்காரத்தோப்பு, சோனாங்குப்பம், அக்கரைக்கோரி என்று மீனவர் ஊர்கள். அதற்கும் அந்தப் பக்கம்தான் கடல். பெரிய கப்பல்கள் உள்ளே வர முடியாத துறைமுகமாக இருந்தது இது. கப்பல் தூரத்தில் கடலிலேயே நங்கூரம் போட்டு நின்றது. சரக்கைப் படகில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். காலங்காலமாக அப்படித்தான் நடந்திருக்கிறது.

மகள் தேடியது கம்பத்தை. கண்டுபிடித்துவிட்டாள். உயரமான கம்பம். மேலே ஒன்றும் இல்லை. காக்கா ஒன்று உட்கார்ந்திருந்தது.

"கூண்டு எங்கண்ணே?" என்று அங்கே நின்றிருந்த ஒருவரிடம் கேட்டாள்.

"வானம் நல்லா இருக்கேம்மா. இப்ப எதுக்கு ஏத்தணும்?" என்றார் அவர், ஏதோ நாங்கள் புயலை விரும்பி வந்தவர்கள் மாதிரி பார்த்துக்கொண்டு.

கூண்டு என்றால் கிளிக்கூண்டு மாதிரி எதையோ நினைத்துக்கொள்ளாதீர்கள். கறுப்பு நிறத்தில் கூம்பு வடிவிலும் உருளை வடிவிலும் செய்துவைத்திருப்பார்கள். இந்த எண்ணுக்கு இன்ன உருவம், இன்ன வரிசை என்று கணக்கு. கடலில் இருப்பவருக்குத் தூரத்திலிருந்தே தெரிய வேண்டும், அதற்காக. ராத்திரியில் அதற்குப் பதில் சிவப்பு, வெள்ளை விளக்குகள். 1864-ல் கல்கத்தாவை ஒரு பெரும்புயல் புரட்டிப்போட்டது. அடுத்த வருஷமே, 1865-ல், அந்தத் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கை ஏற்பாடு தொடங்கியது. இந்திய வானிலைத் துறையே 1875-ல்தான் வந்தது. வானிலை இலாகாவைவிட இந்த ஏற்பாட்டுக்குப் பத்து வயது அதிகம்.

மொத்தம் 11 எண்கள். எண் ஏற ஏற ஆபத்து ஏறுகிறது என்றுதான் பொதுவாகச் சொல்லிக்கொள்கிறோம். அது பாதிதான் சரி. 1-ம், 2-ம் தூரத்து எச்சரிக்கை. புயல் சின்னம் எங்கோ நடுக்கடலில் இருக்கிறது, துறைமுகத்துக்கு இப்போதைக்கு ஒன்றுமில்லை. 3-ம், 4-ம் நம் பக்கம் கவனிக்கச் சொல்கின்றன. அதற்கு மேல்தான் விஷயம். 5, 6, 7 மூன்றுமே அபாயம்தான். வித்தியாசம் எதில் என்றால், புயல் எந்தப் பக்கமாகக் கரையைக் கடக்கும் என்பதில். துறைமுகத்தை இடப்பக்கம் விட்டுப் போனால் 5. வலப்பக்கம் விட்டுப் போனால் 6. துறைமுகத்தின் மேலேயே, அல்லது வெகு பக்கத்தில் ஏறினால் 7. இதே கணக்கு, புயல் மிகப் பெரிதாக இருந்தால் 8, 9, 10.

பதினொன்று? அதுதான் என்னை யோசிக்கவைத்த எண். வானிலை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது, மோசமான வானிலை வரும் என்று துறைமுக அதிகாரி கருதுகிறார் என்று அர்த்தம். யாரும் தகவல் சொல்லவில்லை என்பதையே ஒரு தகவலாக்கி, அதையும் கம்பத்தில் ஏற்றச் சொல்லியிருக்கிறார்கள்.

அன்றைக்குக் கடலூர் என்றால் குண்டு போய் விழுந்த தூரம். இன்றைக்குக் கடலூர் என்றால் கூண்டு ஏறிய எண். இரண்டுமே தூரத்தில் நின்று பார்க்கிறவர்களின் கணக்கு. உள்ளே இருக்கிறவர்களுக்கு வேறு கணக்கு இருக்கும் இல்லையா?

*

அந்தக் கணக்கை எங்களுக்குச் சொன்னவர், மீன் ஏலம் முடிகிற நேரத்தில் அரிவாள்மனையோடு உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்த ஒரு அம்மா. ஐம்பத்தைந்து வயது இருக்கும். சங்கரா மீனைச் செதில் உரித்துக்கொண்டே பேசினார். பேச்சு நின்றாலும் கை நிற்கவில்லை.

"கூண்டு ஏத்தினா உங்களுக்குப் பயமா இருக்குமா ஆன்ட்டி?" என்று மகள் நேரடியாகவே கேட்டுவிட்டாள்.

அவர் சிரித்தார். "கூண்டு ஏத்தினா என்னா பயம் கண்ணு? அன்னிக்கு ஆம்பளைங்க எல்லாம் வீட்ல இருப்பாங்க. வலையைத் தச்சிக்கிட்டு, சீட்டாடிக்கிட்டு, நம்மகிட்ட சண்டை போட்டுக்கிட்டு... கண்ணு முன்னாடி இருப்பாங்க. கூண்டு ஏத்தாத நாள்லதான் கடலுக்குப் போறாங்க. அன்னிக்குத்தான் வயித்துல நெருப்பு."

மகள் என்னைப் பார்த்தாள். நான் மீனைப் பார்த்தேன்.

"சுனாமி அன்னிக்கு எந்தக் கூண்டு இருந்துச்சு?" என்றார் அவர். "ஞாயித்துக்கிழமை. வானம் கண்ணாடியாட்டம் இருந்துச்சு. நான் கூடையைத் தூக்கிக்கிட்டு யாவாரத்துக்குப் போயிட்டேன். வூட்ல எங்க அக்கா பொண்ணு இருந்துச்சு. ஆறு வயசு." ஒரு மீனை எடுத்து, தலையை அறுத்து, குடலை எடுத்து, கழுவிப் போட்டார். "உனக்கு அப்ப என்னா வயசு?"

"எட்டு மாசம் ஆன்ட்டி."

"ம்" என்றார். அவ்வளவுதான். அதற்கு மேல் அந்தப் பேச்சு இல்லை.

2004 டிசம்பர் 26 அன்று கடலூர் மாவட்டத்தில் மட்டும் இறந்தவர்கள் 600-க்கும் மேல். தேவனாம்பட்டினம், சிங்காரத்தோப்பு, சோனாங்குப்பம் என்று அன்றைக்குச் செய்தியில் வந்த பெயர்களைத்தான் ஆற்றுக்கு அக்கரையில் பார்த்துக்கொண்டு நின்றிருந்தோம். சுனாமிக்கு என்று ஒரு கூண்டு கிடையாது. இந்தியப் பெருங்கடலுக்கு என்று ஒரு சுனாமி எச்சரிக்கை மையம்கூட அப்போது கிடையாது. ஹைதராபாத்தில் அது வந்தது 2007-ல்தான்.

"இப்ப எங்கம்மா குடியிருக்கீங்க?" என்று கேட்டேன்.

"கவர்மென்ட்டு தள்ளி வூடு குடுத்துச்சு. ராத்திரி அங்க படுக்கறோம். படகு இங்க, வலை இங்க, யாவாரம் இங்க. தூக்கம் மட்டும்தான் அங்க" என்றவர், மகள் பக்கம் திரும்பி, "நீ என்னா படிக்கிற?" என்றார்.

"கடலைப் பத்திப் படிக்கப்போறேன். பரங்கிப்பேட்டையில."

"கடலைப் பத்திப் படிக்கக் காலேஜா!" அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பக்கத்தில் இருந்த பெண்களிடமும் சொல்லிச் சிரித்தார். அப்புறம் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "படி கண்ணு. படிச்சிட்டு வந்து எங்களுக்கும் சொல்லு. எங்களுக்குத் தெரிஞ்சதை நாங்க சொல்றோம். ஒண்ணு மட்டும் இப்பவே சொல்றேன். கூண்டு ஏத்தினா போகாதேன்னு அர்த்தம். ஏத்தலேன்னா, போன்னு அர்த்தம் இல்ல. காத்தைப் பார்க்கணும், தண்ணியைப் பார்க்கணும். அப்புறம்தான் காலை வைக்கணும்."

அரைக் கிலோ நெத்திலிக் கருவாடு வாங்கினோம். மகள் ஒரு ஓரமாகப் போய் அவரோடு ஏதோ பேசிக்கொண்டிருந்தாள்.

மனைவிக்கு போன் போட்டேன். "கடல் எப்படி இருக்கு?" என்றாள் முதல் கேள்வியாக. "கடலை இன்னும் பார்க்கவே இல்லை. கடலூரைப் பார்த்தோம்" என்றேன்.

*

சிதம்பரம் 45 கிலோமீட்டர். பஸ் முதுநகரைத் தாண்டியதும் சிப்காட் தொழிற்பேட்டை. ஜன்னல் வழியாக நெடி வந்து மூக்கைப் பிடிக்கவைத்தது. பஸ்ஸில் வழக்கமாக வருகிறவர்கள் யாரும் மூக்கைப் பிடிக்கவில்லை. அதைத் தாண்டினால் வயல், முந்திரி, பனை. பரங்கிப்பேட்டைக்குப் பிரிகிற பி.முட்லூர் வந்ததும் மகள் எட்டிப் பார்த்துக்கொண்டாள்.

"அப்பா, சிதம்பரத்துக்குத் தில்லைன்னு ஏன் பேர் வந்துச்சு தெரியுமா?" என்றாள். இந்த முறை கதை சொல்வது அவள் முறை.

தில்லை என்பது ஒரு மரம். கோயிலுக்குத் தல விருட்சம். ஆனால் சிதம்பரம் ஊருக்குள் தேடினால் கிடைப்பது கஷ்டம். கிழக்கே பிச்சாவரத்துக்குப் போனால் உப்பங்கழியில் நிறைய நிற்கிறது. சுரபுன்னை இனங்களோடு சேர்ந்து, உப்புத் தண்ணீரைத் தாங்கி வளர்கிற மரம். கிளையை ஒடித்தால் பால் வரும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. சுனாமி வந்தபோது பிச்சாவரத்துக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவாக இருந்ததைப் பிறகு ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். திறந்த கரையில் இருந்த எம்.ஜி.ஆர். திட்டு போன்ற ஊர்கள் அடித்துக்கொண்டு போய்விட்டன.

"கடலோரத்துல நிக்கிற ஒரு மரத்தோட பேரைத்தான் அவ்வளவு பெரிய கோயில் வெச்சிருக்கு. அந்த மரத்தைப் பத்தித்தான்பா நான் படிக்கணும்" என்றாள்.

அவள் அம்மாவிடம் சொல்ல எனக்கு ஒரு பதில் கிடைத்த மாதிரி இருந்தது. பயம் போய்விட்டதா என்று கேட்காதீர்கள். போகவில்லை. ஆனால் அதுவரை என் பயத்துக்கு வெறும் எண்தான் இருந்தது. இப்போது அதற்கு ஒரு ஆறு, ஒரு கம்பம், அரிவாள்மனையோடு ஒரு அம்மா எல்லாம் இருக்கிறார்கள். அவர்கள் நடுவில்தான் அவள் இருக்கப்போகிறாள்.

நீங்களும் அடுத்த தடவை சிதம்பரம் போகும்போது, கண்டக்டர் டீ குடிக்கச் சொன்னால் பையையும் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுங்கள். ஓ.டி.க்கு ஒரு நடை போய்வாருங்கள். காலையில் போனால் ஏலம் பார்க்கலாம், நல்ல மீன் கிடைக்கும். நடராஜர் எங்கேயும் போய்விட மாட்டார்.

மறுநாள் காலை அண்ணாமலை நகரில் ஒரு படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தோம். அதில் ஒரு கட்டம், அவசரத்துக்குத் தொடர்புகொள்ள உள்ளூரில் தெரிந்தவர் யாராவது இருந்தால் எழுதச் சொன்னது. இந்தப் பக்கம் நமக்கு யாரைத் தெரியும் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

"ஓ.டி. ஆன்ட்டி நம்பர் போடட்டுமாப்பா?" என்றாள் மகள்.

விளையாட்டுக்குத்தான் சொல்கிறாள் என்று நினைத்தேன். போனை எடுத்து, பெயரோடு நம்பரையும் காட்டினாள்.